தீர்த்தம்மாள் சோசியம் படிக்கப் போன கதை

பாப்பாரப்பட்டியில் மாவு மில் வைத்திருக்கும் தீர்த்தம்மாள், நாற்பத்தெட்டாவது வயதில் சோசியம் படிக்கத்தான் கிளம்பினார். படித்து முடித்தது சமூகவியல். நடுவில் என்ன நடந்தது என்பதை அவர் வாயாலேயே பலமுறை கேட்டிருக்கிறேன். ராகி அரைபட்டு முடிகிறவரை மில்லில் எனக்கு வேறு வேலை இல்லை. அதனால் அவர் சொல்லாமல் விட்டதையும் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

தகரக் கூரை போட்ட அந்த மில்லில் மூன்று மிசின்கள். ராகிக்கு ஒன்று, அரிசிக்கும் கோதுமைக்கும் ஒன்று, மிளகாய்க்கும் மல்லிக்கும் ஒன்று. மிசினை ஓட்டுவது கணவர் வீரமணி. வரிசையைப் பார்ப்பது, பை மாறாமல் கொடுப்பது, சண்டை வந்தால் விலக்கிவிடுவது எல்லாம் தீர்த்தம்மாள். வீரமணிக்கு இருபத்தாறு வருசம் மிசின் இரைச்சலில் நின்று காது மந்தமாகிவிட்டது. பேச்சு அதைவிட மந்தம். அவர் ஒரு நாளைக்குப் பத்து வார்த்தைக்கு மேல் பேசினால் வீட்டுக்கு விருந்தாளி வந்திருக்கிறார்கள் என்று தெருவில் புரிந்துகொள்வார்கள்.

ஒரே மகள் சுகுணா. ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை. சனிக்கிழமை காலையில் வருவாள், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பஸ் ஏறுவாள். அவளுக்கு இருபத்தெட்டு வயது ஆகியும் கல்யாணம் கூடவில்லை. சோசியர் கோவிந்தன் நாலு வருசமாக ஜாதகத்தை விரித்து, மூக்குக்கண்ணாடியை ஏற்றி இறக்கி, "வர்ற ஆனி கழியட்டும்மா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நாலு ஆனியும் கழிந்துவிட்டது.

தீர்த்தம்மாளுக்குக் கோபம் வரவில்லை. ஒருமுறை மோட்டார் மெக்கானிக் மூன்று நாள் வராமல் இழுத்தடித்தபோது, அவரே பெல்ட்டைக் கழற்றிப் பார்த்து மாட்டியவர். ஒரு வேலைக்கு ஆள் சரியில்லையென்றால் தானே கற்றுக்கொண்டுவிட வேண்டும் என்பது அவர் வழக்கம். சோசியத்தையும் அப்படியே முடிவு செய்தார்.

கொரோனா ஓய்ந்து பஸ்கள் ஒழுங்காக ஓட ஆரம்பித்த வருசம் அது. தொலைநிலைக் கல்விக்கு விண்ணப்பம் வாங்க தர்மபுரி போனார். பிளஸ் டூ சர்டிபிகேட் டிரங்குப் பெட்டியில் பத்திரமாக இருந்தது. ஜன்னலுக்கு உள்ளே இருந்தவர் பாடங்களை வரிசையாகச் சொன்னார். "தமிழ், ஹிஸ்டரி, எகனாமிக்ஸ், சோசியாலஜி..."

"அதாங்க, அதையே போட்டுடுங்க" என்றார் தீர்த்தம்மாள்.

"சோசியாலஜியா? அது என்னன்னு தெரியுமாம்மா?"

"பயாலஜின்னா உயிரைப் பத்தின படிப்பு. சூவாலஜின்னா மிருகத்தைப் பத்தின படிப்பு. சோசியாலஜின்னா சோசியத்தைப் பத்தின படிப்பு. இதுல என்னங்க சந்தேகம்?"

தீர்த்தம்மாளுக்குப் பின்னால் இன்னும் நாற்பது பேர் வரிசையில் நின்றார்கள். உள்ளே இருந்தவர் முத்திரையைக் குத்திக் கொடுத்துவிட்டார்.

முதல் வகுப்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை, தர்மபுரியில் ஒரு கல்லூரிக் கட்டிடத்தில் நடந்தது. புத்தகக் கட்டு இன்னும் வந்து சேரவில்லை. இருபத்திரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஆசிரியை கோகிலவாணி வந்து, மனிதர்கள் தனியாக இருக்கும்போது ஒரு மாதிரியும் கூட்டமாக இருக்கும்போது வேறு மாதிரியும் ஏன் நடந்துகொள்கிறார்கள் என்று ஆரம்பித்தார். குடும்பம், கிராமம், நகரம், மதம், தொழில், குற்றம் என்று இந்தப் படிப்பு கை வைக்காத இடமே இல்லை என்றார். தீர்த்தம்மாள் நோட்டில் பன்னிரண்டு கட்டம் போட்டு வைத்துக்கொண்டு காத்திருந்தார். முதல் மணி போனது. இரண்டாவது மணி போனது. கிரகம் ஒன்றும் வரவில்லை. மூன்றாவது மணியில் எழுந்து நின்றார்.

"மேடம், ராசிக்கட்டம் எத்தனாவது செமஸ்டர்ல வரும்?"

வகுப்பில் இருந்த ஒரு போலீஸ்காரர் குனிந்து ஷூ லேஸைக் கட்ட ஆரம்பித்தார். கோகிலவாணி சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் தீர்த்தம்மாளின் நோட்டைப் பார்த்தார்.

"அம்மா, இங்க கட்டம் கிடையாது. கூட்டம்தான்."

பிறகு உட்காரவைத்து, எதற்காகச் சோசியம் படிக்க வந்தார் என்று கேட்டார். தீர்த்தம்மாள் மறைக்காமல் சொன்னார். கோகிலவாணி சொன்னது இதுதான்: "ஒரு வூட்டுல ஒரு பொண்ணுக்குக் கல்யாணம் தள்ளிப்போனா அது அந்த வூட்டுக் கவலை. ஒரு ஊர்ல முப்பது வூட்டுல தள்ளிப்போனா, முப்பது ஜாதகமும் ஒரே நேரத்துல எப்படிம்மா கெட்டுப் போகும்? வேற ஏதோ காரணம் இருக்கணும்ல? அந்த வேற ஏதோதான் நம்ம பாடம்."

பஸ்ஸில் திரும்பி வரும்போது தீர்த்தம்மாள் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். பாப்பாரப்பட்டிக்குள் வண்டி நுழைவதற்குள் அவருக்குத் தெரிந்த வீடுகளிலேயே பதினேழு தேறிவிட்டது. அதோடு, சோசியம் படிக்கப் போகிறேன் என்று தெரு முழுக்கச் சொல்லியாகிவிட்டது. ஒரே ஞாயிற்றுக்கிழமையில் படிப்பை விட்டுவிட்டு வந்தால் மில்லில் யார் முகத்தில் விழிப்பது. தொடர்ந்து போவதென்று முடிவு செய்தார்.

புத்தகங்கள் வந்தன. முதல் புத்தகத்தில் மூன்று தாடிக்காரர்களின் படங்கள். வெளிநாட்டுப் பெயர்கள் வாயில் நுழையாததால் தீர்த்தம்மாள் அவர்களைப் பெரிய தாடி, கண்ணாடித் தாடி, சின்னத் தாடி என்றே வைத்துக்கொண்டார். பரீட்சையில் மட்டும் முழுப்பெயர் எழுதுவார். மதியச் சாப்பாட்டின்போது கணவருக்குப் பாடம் சொல்வார்.

"பெரிய தாடி நம்ம மில்லுக்கு வந்தா, 'மிசினு யாருது, உழைக்கிறது யாரு'ன்னு கேப்பாரு. கண்ணாடித் தாடி வந்தா, 'இத்தனை பேரு அடிச்சுக்காம வரிசையில நிக்கிறாங்களே, எது இவங்களைக் கட்டி வச்சிருக்குது'ன்னு கேப்பாரு. சின்னத் தாடி ஒரு ஓரமா உக்காந்து, 'இந்தம்மா கடையில பாக்கெட் மாவு கிடைக்கும்போது இங்க வந்து நிக்குதே, அது மனசுல என்ன அர்த்தம் வச்சிருக்குது'ன்னு கேப்பாரு."

"யாரும் மாவு அரைக்க மாட்டாங்களா?" என்றார் வீரமணி. அன்றைய பேச்சு அதோடு முடிந்தது.

தீர்த்தம்மாள் படிப்பது சோசியம் இல்லை என்று ஊரில் யாரும் நம்பவில்லை. அவர் விளக்கிச் சொல்லச் சொல்ல, "தன்னடக்கம்" என்றார்கள். ராகிப் பையோடு ஜாதகத்தையும் கொண்டுவர ஆரம்பித்தார்கள். முதலில் வந்தவர் பச்சியப்பன். நாலு ஏக்கர் தோட்டம், இரண்டு பசு, முப்பத்து நாலு வயதில் கல்யாணம் ஆகாத ஒரு மகன்.

"ஏழு எடம் வந்துச்சு தீர்த்தம்மா. ஏழும் காபி குடிச்சாங்க. ஏழும் போயிட்டாங்க. ஏழரைச் சனின்னு சொல்றாங்க."

தீர்த்தம்மாள் ஜாதகத்தைத் தொடவில்லை. "அண்ணா, வந்தவங்க எந்த நேரத்துல கெளம்புனாங்க?"

"நல்ல நேரம் பாத்துத்தான் வந்தாங்க."

"அதில்லீங்க. வூட்டுல எதைப் பாத்த பின்னாடி கெளம்புனாங்க?"

பச்சியப்பன் யோசித்தார். பொண்ணு வீட்டுப் பெண்கள் எல்லோரும் கொல்லைப்புறம் போய் வந்த பிறகுதான் கைப்பையை எடுத்தார்கள் என்று ஞாபகம் வந்தது. அங்கே கழிப்பறைக்குக் கதவு இல்லை. சாக்கு தொங்கிக்கொண்டிருந்தது.

"ஏழரைச் சனி இல்லீங்கண்ணா. ஏழடிச் சாக்கு. கதவு வைங்க."

"எந்தத் திசை பாத்து வைக்கணும்?"

"திசை எதுவா வேணா இருக்கட்டும். தாழ்ப்பாள் உள்பக்கம் இருக்கணும்."

பச்சியப்பன் அதைப் பரிகாரமாகவே எடுத்துக்கொண்டார். நல்ல நாள் பார்த்துக் கதவு வைத்து, அதற்குக் குங்குமம் வைத்து, கற்பூரமும் காட்டினார். எட்டாவதாக வந்த இடம் காபி குடித்தது, கொல்லைப்புறம் போனது, திரும்பி வந்து இன்னொரு காபி கேட்டது. வைகாசியில் கல்யாணம். பந்தியில் பச்சியப்பன் ஒவ்வொருவரிடமும் தீர்த்தம்மாளைக் காட்டி, "கையைப் பாக்கல, கட்டம் பாக்கல. கக்கூசப் பாத்தே சொல்லிருச்சு" என்றார். தீர்த்தம்மாள் பாதிச் சாப்பாட்டில் எழுந்து வந்துவிட்டார்.

மூன்றாவது வருசம் செயல்திட்டம் செய்ய வேண்டும். ஏதாவது ஓரிடத்தில் மனிதர்கள் எப்படிப் பழகுகிறார்கள் என்று கவனித்து நாற்பது பக்கம் எழுத வேண்டும். தீர்த்தம்மாள் அதிகம் அலையவில்லை. 'மாவு மில்லில் காத்திருப்போர்: ஒரு சமூகவியல் ஆய்வு' என்று தலைப்பு வைத்தார். ஒரு நீள நோட்டை எடுத்துக்கொண்டு, மில் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார்.

மறுநாளே மில்லின் குணம் மாறிவிட்டது. பெண்கள் தலை வாரி, பவுடர் போட்டுக்கொண்டு ராகி அரைக்க வந்தார்கள். வரிசையில் யாரும் முண்டவில்லை. தினமும் ஒரு சண்டையாவது போட்டால்தான் பசி எடுக்கும் என்று பெயர் வாங்கிய செல்லம்மாள், பத்து வருசமாகப் பேசாத பக்கத்து வீட்டுக்காரியைப் பார்த்து, "நீங்க மொதல்ல அரைச்சுக்கங்க அக்கா" என்றார். பக்கத்து வீட்டுக்காரி பயந்துபோய்ப் பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்கே போய்விட்டாள்.

இரண்டு வாரக் குறிப்பைக் கோகிலவாணியிடம் காட்டினார். அவர் எல்லாப் பக்கத்தையும் பொறுமையாகப் படித்தார்.

"எல்லாரும் நல்லவங்க, எல்லாரும் விட்டுக்குடுக்கிறாங்கன்னு எழுதியிருக்கீங்க. இது ஆய்வு இல்லம்மா, நன்னடத்தைச் சான்றிதழ். நாம பாக்கறது தெரிஞ்சா மனுசங்க மாறிடுவாங்க. அவங்களோட அவங்களா இருந்துதான் பாக்கணும்."

வீட்டுக்கு வந்து சாப்பாடு போடும்போது இதைச் சொல்லிப் புலம்பினார். வீரமணி சோற்றைப் பிசைந்துகொண்டே, "நோட்டுல என்ன எழுதியிருக்க, படி" என்றார். தீர்த்தம்மாள் படித்தார்.

"பொய்" என்றார் வீரமணி.

"எது?"

"எல்லாமும். செல்லம்மா உன்னப் பாத்துத்தான் விட்டுக்குடுத்துச்சு. நீ கரண்ட் ஆபீசுக்குப் போயிருந்தப்ப பையை மூணு எடம் முன்னாடி தள்ளி வச்சுச்சு. கேட்டவங்ககிட்ட, 'பை தானா நகருது, தரை சரிவு'ன்னுச்சு."

தீர்த்தம்மாள் கரண்டியைக் கீழே வைத்தார். கல்யாணமான நாளிலிருந்து கணவர் இத்தனை வார்த்தைகள் சேர்ந்தாற்போல் பேசி அவர் கேட்டதில்லை.

"உங்களுக்குத்தான் காது கேக்காதே?"

"காது கேக்காது. கண்ணு தெரியும்." வீரமணி மோர் ஊற்றிக்கொண்டார். "அந்தச் சத்தத்துல எவன் காதால கேக்க முடியும்? நைசா அரைக்கணுமா, கொரகொரன்னு அரைக்கணுமான்னு வாயைப் பாத்துத்தான் தெரிஞ்சுக்கிட்டேன். அப்புறம் மிச்சதெல்லாம் தானா வந்துருச்சு."

மிசின் ஓடும்போது வீரமணியின் எதிரில் நின்றுகொண்டு ஊரே இருபத்தாறு வருசம் மனம் விட்டுப் பேசியிருக்கிறது. தீர்த்தம்மாளும்தான். மாமியாரைப் பற்றி, நாத்தனாரைப் பற்றி, முக்கியமாக வீரமணியைப் பற்றி.

"நான் சொன்னதெல்லாமுமா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"எல்லாமும்."

அன்று தீர்த்தம்மாள் பாத்திரத்தை இரண்டு தடவை கழுவினார்.

ஆனால் ஆய்வுக்கு இதைவிட நல்ல ஆள் கிடைக்காது என்று அவருக்கு உடனே புரிந்துவிட்டது. நோட்டு இல்லாமல், ஸ்டூல் இல்லாமல், யாருக்கும் உறுத்தாமல் கூட்டத்துக்கு நடுவில் நிற்கும் மனிதர். மதியம் மில் அடைக்கும் நேரத்தில் வீரமணி சொல்ல, தீர்த்தம்மாள் எழுதுவது என்று ஏற்பாடானது. வீரமணி ஒரே ஒரு நிபந்தனை போட்டார். பெயர் சொல்ல மாட்டார். ஆள் ஒன்று, ஆள் இரண்டு என்றுதான் சொல்வார்.

எழுத எழுத தீர்த்தம்மாளுக்குத் தன் மில்லே புதிதாகத் தெரிந்தது. ஆள் நாலும் ஆள் ஒன்பதும் அரை கிலோ கோதுமையை வாரத்துக்கு மூன்று தடவையாகப் பிரித்துக் கொண்டுவருகிறார்கள். மாவுக்காக இல்லை, ஒருவரை ஒருவர் பார்ப்பதற்காக. அரூர் ஆஸ்பத்திரியில் எந்த டாக்டர் நல்ல மாதிரி, எந்தக் கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள், யார் வீட்டு மருமகள் யாரோடு பேசுவதில்லை, எல்லாம் இந்தத் தகரக் கூரைக்குக் கீழேதான் கைமாறுகிறது. மாவு அரைப்பது வெளிப்படைச் செயல்பாடு, சேதி அரைப்பது மறைமுகச் செயல்பாடு என்று புத்தக வார்த்தையிலேயே எழுதினார். ஆய்வின் வரம்புகள் என்ற தலைப்பின் கீழ், 'மிளகாய் அரைக்கும் நேரங்களில் அனைவரும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்வதால் தரவு கிடைக்கவில்லை' என்று குறித்தார்.

நாற்பத்து மூன்று ஆட்களில் அவரை மிகவும் கவர்ந்தது ஆள் முப்பத்தொன்று. மிசின் பக்கத்தில் நின்று போனில் யாரிடமோ பேசியது: 'சோசியர் இன்னும் ஒரு வருசம் தாங்குவாரு. அதுக்குள்ள நீ வூட்ல பேசிடு. அம்மா ஆனி ஆனின்னு காலண்டரையே பாத்துக்கிட்டு இருக்காங்க, பாவமா இருக்குது.'

தீர்த்தம்மாள் இதை வைத்து மூன்று பக்கம் எழுதினார். சோசியம் கல்யாணத்தை நடத்திவைக்கிறது என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள், ஆனால் தள்ளிப்போடவும் அது உதவுகிறது என்றார். 'இத்தகைய பெண்கள் பெற்றோரை எதிர்க்க விரும்பாததாலேயே கிரகங்களை முன்னால் நிறுத்துகிறார்கள். இதை ஏமாற்று என்பதைவிட மரியாதையின் ஒரு வடிவம் என்றே கொள்ள வேண்டும்' என்று முடித்தார். எழுதிய பிறகு தானே இரண்டு தடவை படித்துப் பார்த்தார். நன்றாகத்தான் இருந்தது.

கோகிலவாணி போன் செய்தார். "ஆள் முப்பத்தொண்ணு பத்தி எழுதுனது அருமைம்மா. ஆனா ஒரு சிக்கல். அவங்க பேசுனது அவங்களுக்குத் தெரியாம எடுத்தது. பேரு போடாட்டியும் அது தப்பு. ஒவ்வொருத்தர்கிட்டயும் படிச்சுக் காட்டி ஒப்புதல் கையெழுத்து வாங்கணும். ஒத்துக்காதவங்க பேச்சை எடுத்துடணும்."

கையெழுத்து வாங்க ஆள் யாரென்று தெரிய வேண்டும். தீர்த்தம்மாள் பட்டியலோடு வீரமணியிடம் உட்கார்ந்தார். வேறு வழியில்லை என்று வீரமணி ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தார். முப்பது வந்தது. எழுந்து போய் மோட்டாருக்கு எண்ணெய் விட்டார்.

"முப்பத்தொண்ணு யாருங்க?"

"சனிக்கிழமை வரும்."

"சனிக்கிழமை கூட்டமில்ல வரும்?"

"ஞாயித்துக்கிழமை சாயங்காலம் பஸ் ஏறும்."

தீர்த்தம்மாள் அந்த மூன்று பக்கத்தையும் மறுபடி புரட்டினார்.

"எத்தனை நாளாத் தெரியும் உங்களுக்கு?"

"ரெண்டு வருசம்."

"ஏங்க சொல்லல?"

"அது போன்ல பேசுச்சு. எங்கிட்டப் பேசல."

சனிக்கிழமை சுகுணா வந்து கை கால் கழுவி உட்கார்ந்ததும், காபி டம்ளருக்குப் பக்கத்தில் ஒரு படிவத்தையும் பேனாவையும் வைத்தார் தீர்த்தம்மாள்.

"என்னம்மா இது?"

"ஒப்புதல் படிவம். நீ ஆள் முப்பத்தொண்ணு."

சுகுணா படித்தாள். காது சிவந்தது. வாசலில் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்த அப்பாவைப் பார்த்தாள். அவர் சக்கரத்தின் கம்பிகளை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, நானே சொல்லலாம்னுதான்..."

"அது அப்புறம். மேல இருக்கறது நீ சொன்னதா இல்லையா?"

"சொன்னதுதான்."

"'தாங்குவாரு'ன்னா என்ன அர்த்தம்? பேசுனவங்க மனசுல இருந்த அர்த்தத்தைத்தான் எடுத்துக்கணும்னு சின்னத் தாடி சொல்லியிருக்காரு. நானா எழுதக் கூடாது."

சுகுணா எல்லாவற்றையும் சொன்னாள். கம்பெனியில் கூட வேலை செய்யும் நவநீதன், அரூர்ப் பையன். அவன் அக்காவுக்குக் கல்யாணம் முடியாமல் அவன் வீட்டில் பேச்சை எடுக்க முடியவில்லை. அதுவரைக்கும் வேறு இடம் பார்க்காமல் இருக்க வேண்டும். அதனால் அவளே கோவிந்தன் வீட்டுக்குப் போய், ஜாதகத்தில் ஏதாவது சொல்லித் தள்ளிப்போடுங்கள் மாமா என்று அழுதிருக்கிறாள்.

தீர்த்தம்மாளுக்குக் கோபம் வந்தது. இத்தனை வருசமாகக் காலண்டர் பார்த்தது நினைவுக்கு வந்து கண்ணும் நிறைந்தது. திட்டுவதற்கு வாயெடுத்தார். ஆனால் அந்தப் பெண்ணைப் பற்றி மூன்று பக்கம் எழுதியது அவர்தான். மரியாதையின் வடிவம் என்று எழுதி, அடிக்கோடும் போட்டிருந்தார். யாரோ வீட்டுப் பெண் என்றபோது புரிந்தது, தன் வீட்டுப் பெண் என்றதும் புரியாமல் போய்விடுமா. காபி டம்ளரை மகள் பக்கம் நகர்த்திவிட்டு, "அந்தப் பையன் ராகிக் களி சாப்பிடுவானா?" என்று கேட்டார்.

"சாப்பிடுவான்மா."

"சரி, கையெழுத்தப் போடு."

மறுநாள் கோவிந்தன் வீட்டுக்குப் போனார். சோசியர் விசயம் வெளியானதைக் கேட்டுப் பதறவில்லை.

"பொண்ணு வந்து அழுவுது. குருப்பெயர்ச்சிய என்னால தள்ளி வைக்க முடியாது. கல்யாணத்தைத் தள்ளி வைக்கலாம்ல."

"இந்த மாதிரி எத்தனை பேருங்க?"

"இப்போதைக்கு ஆறு பொண்ணு. ரெண்டு பையன்."

தீர்த்தம்மாள் சண்டை போடத்தான் போயிருந்தார். பையிலிருந்து நோட்டை எடுத்தார்.

பிறகு நவநீதனின் அக்காவுக்குக் கல்யாணம் முடிந்து, அவன் வீட்டார் பெண் கேட்டு வந்தபோது ஜாதகப் பொருத்தம் கட்டாயம் என்றார்கள். கோவிந்தனே பார்த்துப் பத்துக்கு எட்டு என்று எழுதிக் கொடுத்தார். அந்த இரண்டு எங்கே போயிற்று என்று தீர்த்தம்மாள் தனியாகக் கேட்டார். "பத்துக்குப் பத்து போட்டா யாரும் நம்ப மாட்டாங்கம்மா" என்றார் கோவிந்தன்.

மற்ற நாற்பத்திரண்டு பேரிடம் கையெழுத்து வாங்கப் போனதுதான் பெரும்பாடு. வீடு வீடாகப் போய், "நீங்க மில்லுல இப்படிச் சொன்னீங்களாம், படிக்கிறேன் கேளுங்க" என்று ஆரம்பித்தார். முதல் மூன்று வீட்டிலேயே சேதி ஊர் முழுக்கப் பரவிவிட்டது. வீரமணிக்கு வாயைப் பார்த்தே தெரியும். அன்றிலிருந்து ஒரு மாதத்துக்கு மில்லில் எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டே நின்றார்கள். ஆண்கள் துண்டால், பெண்கள் முந்தானையால். வெளியூர்க்காரர் ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டு, இன்னும் கொரோனா போகவில்லையா என்று கேட்டார். செல்லம்மாள் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். "தரை சரிவுதான். வேணும்னா ரசமட்டம் வச்சுப் பாரு" என்றார். தீர்த்தம்மாள் வைத்துப் பார்த்தார். தரை லேசாகச் சரிந்துதான் இருந்தது. மன்னிப்புக் கேட்டு, அந்தப் பத்தியை எடுத்துவிட்டார்.

மொத்தம் இருபத்தொன்பது பேர் ஒப்புக்கொண்டார்கள். கோபித்துக்கொண்டு பாக்கெட் மாவுக்குப் போனவர்கள் ஆறு வாரத்தில் திரும்பி வந்தார்கள். பாக்கெட்டில் சேதி இல்லை.

வாய்மொழித் தேர்வுக்கு வெளியூரிலிருந்து ஒரு பேராசிரியர் வந்திருந்தார். துணைக்கு வந்த வீரமணி கண்ணாடி ஜன்னலுக்கு வெளியே மரநிழலில் நின்றார்.

"உங்க ஆய்வுக்கு ஆட்களை எந்த அடிப்படையில தேர்ந்தெடுத்தீங்க?"

"யாரு வூட்ல மாவு தீந்துச்சோ அவங்கதாங்க."

பேராசிரியர் குறித்துக்கொண்டார். வரம்புகள் பகுதியை இரண்டு முறை படித்தார். பிறகு தீர்த்தம்மாளை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, கோகிலவாணியின் பக்கம் திரும்பி ஏதோ சொன்னார். தீர்த்தம்மாள் வெளியே வந்தபோது வீரமணி வண்டியைக் கிளப்பித் தயாராக நின்றார்.

"என்ன சொன்னாரு?"

"சொல்ல மாட்டேன். ஒப்புதல் வாங்கல."

செயல்திட்டத்துக்கு நல்ல மார்க் வந்தது. புள்ளியியலில் மட்டும் முதல் தடவை தவறி, இரண்டாவது தடவை தேறினார். பட்டச் சான்றிதழ் இப்போது மின்சார மீட்டருக்குப் பக்கத்தில் சட்டம் போட்டுத் தொங்குகிறது. மாவு படிந்துவிடும் என்பதால் மேலே பாலிதீன் கவர்.

போன வருசம் பக்கத்து ஊர் ஒன்றிலிருந்து நாலு பேர் அவரைத் தேடி வந்தார்கள். ஊரில் புதிதாகப் பயணியர் நிழற்குடை கட்டியிருக்கிறார்கள், பெஞ்சு இருக்கிறது, மின்விசிறி இருக்கிறது, ஆனால் ஒருத்தரும் அதில் உட்காருவதில்லை, வாஸ்து பார்த்துச் சொல்ல வேண்டும் என்றார்கள். வாஸ்து தனக்குத் தெரியாது என்று சொல்லிப் பார்த்துவிட்டு, தீர்த்தம்மாள் மூன்று நாள் காலையில் அங்கே போய் உட்கார்ந்தார். நிழற்குடையில் ஓர் ஆடு மட்டும் படுத்திருந்தது. ஜனங்கள் எல்லோரும் நாற்பதடி தள்ளி வெயிலில் நின்றார்கள். பஸ் அங்கேதான் நின்றது. பஸ் ஏன் அங்கே நிற்கிறது என்று பார்த்தால், ஓட்டுநர் இளநீர் குடிப்பது அங்கே. இளநீர் வண்டிக்காரரிடம் ஏன் இங்கே நிற்கிறீர்கள் என்று கேட்டால், "இங்கதானங்க ஜனம் நிக்குது" என்றார்.

தீர்த்தம்மாள் பயணி ஒருவர், ஓட்டுநர், இளநீர் வண்டிக்காரர் என்று மூவரையும் தனித்தனியாகக் கேட்டு எழுதிக்கொண்டார். படித்துக் காட்டி மூவரிடமும் கையெழுத்தும் வாங்கினார். நாலாவது நாள் இளநீர் வண்டிக்காரரிடம் பேசி, வண்டியை நிழற்குடைக்கு முன்னால் தள்ளச் சொன்னார். முதல் பஸ் வந்தது. பழைய இடத்தில் வேகம் குறைந்தது, பிறகு ஊர்ந்து ஊர்ந்து இளநீர் வண்டியைத் தேடி வந்து நின்றது. பின்னாலேயே பதினெட்டு பேர் ஓடி வந்து ஏறினார்கள். அடுத்த பஸ்ஸுக்கு ஜனங்கள் நிழற்குடைக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார்கள். ஆட்டை மட்டும் எழுப்ப முடியவில்லை. அதற்கு ஒரு பெஞ்சை விட்டுக்கொடுத்துவிட்டார்கள்.